பவுசுக்காரனுக்கு ஓர் இடம்

நசீம் ஹமீத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் 37 முறை மேடை ஏறினார். 36 முறை வென்றார். அதில் 31 சண்டைகள் முழு நேரம் ஓடவில்லை. அதற்கு முன்பே எதிராளியின் கதை முடிந்துவிட்டது. தோற்றது ஒரே முறை. 2002இல், 28 வயதில், கையுறையைக் கழற்றியவர் மறுபடி மாட்டவே இல்லை. 2015இல் அமெரிக்காவின் கானஸ்டோட்டா என்ற சிற்றூரில் இருக்கும் சர்வதேசக் குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேமில், புகழ்மாடம் என்று வைத்துக்கொள்வோம், அவர் பெயரைச் சேர்த்தார்கள். தகுதி பார்த்துச் சேர்த்தார்களா, தாராள மனசில் சேர்த்தார்களா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. எனக்கு அதில் ஒரு கட்சி இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் கபடி பார்த்து வளர்ந்ததால் உண்டான கட்சி அது.

ஹமீதின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய உடம்பைத் தெரியும். 2021இல் வந்த பா. இரஞ்சித்தின் வடசென்னைக் குத்துச்சண்டைப் படமான ‘சார்பட்டா பரம்பரை’யில் டான்சிங் ரோஸ் என்று ஒருவன் வருவான். கைகளை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் குத்துகளைக் காற்றில் போகவிட்டு, ஆடிக்கொண்டே உள்ளே பாய்வான். ஷபீர் கல்லரக்கல் அந்தப் பாத்திரத்துக்குப் பிடித்த அசைவுகள் ஹமீதிடமிருந்து வந்தவை. படம் வந்த புதிதில் எங்கள் தெருப் பையன்கள் கதாநாயகன் கபிலனாக நடிக்கவில்லை, ரோஸாகத்தான் ஆடினார்கள். கதைப்படி தோற்றுப்போகிறவன் அவன். அப்படியிருந்தும் மனசில் தங்கியவன் அவன்தான். அதே வடசென்னையில் நிஜமாகவே மேடை ஏறிய சார்பட்டாக்காரர் கித்தேரி முத்துவின் பெயரை இன்று பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவராவது சொல்வாரா? இந்தக் கேள்விக்குத் திரும்ப வருகிறேன்.

ஹமீத் 1974இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். பெற்றோர் ஏமனிலிருந்து போனவர்கள். ஒரு மூலைக்கடை வைத்துப் பிழைத்தார்கள். அந்தப் பகுதியிலேயே பிரெண்டன் இங்கிள் என்ற அயர்லாந்துக்காரர் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். ஏழு வயதில் ஹமீத் அங்கே போய்ச் சேர்ந்தார். இங்கிளின் கூடத்தில் தரை முழுக்கக் கோடு போட்டிருக்கும். பையன்கள் முதலில் குத்தப் பழகுவதில்லை. கோட்டின் மேல் கால் வைத்து முன்னே போக, பின்னே வர, திரும்ப, வழுக்கிக்கொண்டு விலகப் பழகுவார்கள். கையைத் தூக்கி முகத்தை மறைப்பது அங்கே முதல் பாடம் கிடையாது. அடி வரும் இடத்தில் நீ இருக்காதே என்பதுதான் முதல் பாடம். அதே கூடத்தில் மூத்தவரான ஹெரால் கிரஹாம் இந்தப் பாடத்தை யாரையும்விட நன்றாகப் படித்தவர். 1990இல் ஸ்பெயினில் உலகப் பட்டத்துக்கு ஜூலியன் ஜாக்சனோடு மோதினார். ஜெயித்துக்கொண்டே இருந்தவர், நான்காம் சுற்றில் ஒரே ஒரு வலது கைக் குத்தில் நினைவிழந்து விழுந்தார். கடைசிவரை அவருக்கு உலகப் பட்டம் கிடைக்கவில்லை. கையைத் தொங்கவிடுவதன் விலை என்ன என்பதை இளைய ஹமீத் சொந்த வீட்டிலேயே பார்த்தார். பார்த்த பிறகும் தொங்கவிட்டார். அவரை வெறும் வேடிக்கைக்காரர் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

வேடிக்கைக்குக் குறைவில்லை என்பதும் உண்மை. சிறுத்தைத் தோல்போல் அச்சிட்ட கால்சட்டை. மேல்கயிற்றைப் பிடித்து அந்தர் பல்டி அடித்து மேடைக்குள் குதிப்பது. 2000இல் தென்னாப்பிரிக்காவின் வுயானி புங்குவோடு லண்டனில் மோத வந்தபோது பறக்கும் கம்பளத்தில் வந்து இறங்கினார். 1997 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கெவின் கெல்லி மேடையில் காத்துக்கொண்டு நிற்க, இவர் ஒரு திரைக்குப் பின்னால் நிழலுருவமாக நெடுநேரம் ஆடிவிட்டுத்தான் வந்தார். கெல்லி அந்த நகரத்துக்காரர். கூட்டம் கொதித்தது.

அந்தச் சண்டையை ஒருமுறையாவது பாருங்கள். முதல் சுற்றிலேயே ஹமீத் கீழே கிடந்தார். அத்தனை ஆட்டம் ஆடி வந்தவன் மூன்று நிமிடத்துக்குள் தரையில் கிடந்தால் எந்த மனிதனுக்கும் நெஞ்சு சுருங்கும். கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும். அவர் எழுந்தார், மறுபடி கையைத் தொங்கவிட்டார். இரண்டாம் சுற்றில் மறுபடி தரை தொட்டார். அதே சுற்றில் கெல்லியையும் வீழ்த்தினார். நான்காம் சுற்று முடிவதற்குள் ஆளுக்கு மூன்று முறை விழுந்திருந்தார்கள். மூன்றாம் முறை விழுந்த கெல்லி நேரத்துக்குள் எழவில்லை. தோற்றிருந்தால் அந்தத் திரை நடனம் உலகம் முழுக்க ஒரு சிரிப்பாகியிருக்கும். தான் தோற்றால் எத்தனை மடங்கு அவமானப்பட வேண்டும் என்பதை மேடை ஏறும் முன்பே தானே நிர்ணயித்துக்கொண்டு வந்த மனிதர் அவர். அடக்கமாக வந்து அடக்கமாகத் தோற்கிறவனுக்கு இந்தச் சுமை கிடையாது.

எதிர்க்கட்சியின் வாதமும் லேசானதில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று லாஸ் வேகஸில் மெக்ஸிகோவின் மார்க்கோ அந்தோனியோ பரேரா அவரைப் பன்னிரண்டு சுற்றும் அடித்தார். கோபப்பட்டு அடிக்கவில்லை. ஒதுங்கி, நேர்க்குத்து விட்டு, மறுபடி ஒதுங்கி, பாடம் நடத்துவதுபோல அடித்தார். உள்ளே பாய ஹமீதுக்கு வழியே விடவில்லை. தோற்ற வீரன் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பதுதான் அந்த உலகத்தின் வழக்கம். ஹமீத் தீர்க்கவில்லை. அடுத்த ஆண்டு மானுவேல் கால்வோ என்ற ஸ்பெயின்காரரோடு சுரத்தில்லாமல் ஒரு சண்டை போட்டு வென்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஹுவான் மானுவேல் மார்க்கேஸ் அவரோடு மோத வரிசையில் நின்றார்; அந்தச் சண்டை கடைசிவரை நடக்கவில்லை. வளர்த்த இங்கிளையும் நடுவழியில் விட்டுப் பிரிந்தார். 2005இல் தாறுமாறாகக் கார் ஓட்டி விபத்து நடந்து, அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார். பிரிட்டிஷ் அரசு கொடுத்திருந்த பட்டமும் பறிபோனது. கடைசி விஷயத்தைப் புகழ்மாடம் கணக்கில் எடுப்பதில்லை, நானும் இங்கே எடுக்கவில்லை. மற்றவை எல்லாம் செல்லுபடியாகும் குற்றச்சாட்டுகள்.

ஆனால் இந்த வாதங்களுக்கு அடியில் இன்னொன்று ஓடுகிறது. அது எங்கள் ஊர்க் கபடித் தரையில் கேட்டுப் பழகிய குரல். அதனால்தான் இத்தனை தூரத்திலிருந்தும் எனக்கு அடையாளம் தெரிகிறது.

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் கபடிப் போட்டி இல்லாத கொடை குறைவு. வயலை ஒட்டிய பொட்டலில் மண்ணைக் கிளறி, சலித்து, தண்ணீர் தெளித்துத் தரை போடுவார்கள். சுண்ணாம்புப் பொடியில் கோடு. ஆண்கள் தரை 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். குழல் விளக்குக் காலம் போய் இப்போது பெரிய விளக்குகள் வந்துவிட்டன. முதல் ஆட்டம் தொடங்கவே ராத்திரி பத்தாகும், இறுதி ஆட்டம் முடியும்போது கிழக்கே வெளுக்கும். பாடிப்போகிறவன் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைகிறான். பாதித் தரையில் நின்று தொடையைத் தட்டுகிறான், மீசையை முறுக்குகிறான், பிடிக்க நிற்கிற ஏழு பேரில் ஒருத்தனைப் பார்த்துத் தலையசைத்து வாலே என்கிறான். உடனே ஓரத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார்: “பவுசுக்குக் கொறச்சல் இல்ல. வெளாட்டக் காட்டச் சொல்லும்வே.”

பெரியவர் பவுசையும் விளையாட்டையும் இரண்டாகப் பிரிக்கிறார். தரையில் அவை பிரிந்து கிடப்பதில்லை. பாடிப்போகிறவனுக்கு இருப்பது முப்பது விநாடி. ஏழு பேரின் பதினான்கு கண்களும் தன் காலைப் பார்த்தால் அவனால் ஒரு புள்ளியும் எடுக்க முடியாது. தொடையில் விழும் தட்டுக்குக் கண்கள் ஒரு கணம் மேலே வரும். அந்தக் கணத்தில் இடது கால் போனஸ் கோட்டைத் தாண்டித் திரும்பியிருக்கும். சீண்டப்பட்டவன் ரோஷப்பட்டு, சங்கிலியாய்க் கோத்த கையை உதறிவிட்டுத் தனியாகப் பாய்வான். தொட்டுவிட்டுத் திரும்ப அது போதும். ஹமீத் தொங்கவிட்ட கையும் இதே வேலையைத்தான் செய்தது. மூடாத முகத்தைப் பார்த்து ஆசைப்பட்டு எதிராளி குத்துவான். அவன் கை நீண்டிருக்கும் அரை விநாடியில் ஹமீத் உள்ளே இருப்பார். 1995 செப்டம்பரில் கார்டிஃப் நகரில், சொந்த ஊர்க் கூட்டத்தின் நடுவே நின்ற உலகச் சாம்பியன் ஸ்டீவ் ராபின்சன் எட்டாம் சுற்றுவரை தூண்டில் தூண்டிலாக மாட்டிக்கொண்டிருந்தார். இருபத்தொரு வயசுப் பையன் அவர் ஊரிலேயே அவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. தொடை தட்டுவது எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. யார் தட்டுகிறான், எந்தத் தெருக்காரன், யார் முன்னால் தட்டுகிறான் என்பதைப் பொறுத்து, ஒருத்தன் தட்டினால் வீரம், இன்னொருத்தன் தட்டினால் திமிர். தொண்ணூறுகளில் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு சாதியால் எரிந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கபடித் தரையில் காட்டிய பவுசுக்கு ஆட்டம் முடிந்து பஸ் ஏறும் இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஷெஃபீல்டில் ஏமன்காரர் மகன் தெருவில் வசவு கேட்டு வளர்ந்தவர். மேடையில் அவர் காட்டிய தலைக்கனத்தில் அதற்கான பதில் இருந்தது. ஆகவே ஒருவரைப் பார்த்து ‘அடக்கம் போதாது’ என்ற தீர்ப்பு எழுதப்படும்போதெல்லாம் எழுதுகிறவர் யார், எழுதப்படுகிறவர் யார் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

விளையாட்டுக்கு வெளியேயும் இந்தத் தீர்ப்பை நாம் எழுதியிருக்கிறோம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரக்காரர் மேல்சட்டை போடக் கூடாது என்ற காலத்தில் பட்டும் நீளக் கோட்டும் போட்டவர். வைரக் கடுக்கன் மின்ன, கிராப்பு வைத்துக்கொண்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தவர். தோடியை அவரைப்போல் வாசிக்க ஆளில்லை என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். 1956இல் அவர் இறக்கும்வரை சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய சீடர், சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர்க்காரர் காருக்குறிச்சி அருணாசலம். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து அவர் வாசித்தது தமிழ்நாட்டின் எல்லாக் கல்யாணப் பந்தலுக்கும் போய்ச் சேர்ந்தது. 1964இல் காலமான அவருக்கும் அந்தப் பட்டம் இல்லை. குருவின் படாடோபம் சீடரிடம் கிடையாது. அடக்கமாக இருந்தால் கிடைத்துவிடும் என்பதும் பொய் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஹமீதுக்கு வருகிறேன். அவருக்குப் புகழ்மாடத்தில் இடம் உண்டு என்பது என் கட்சி. 57 கிலோ எடைப் பிரிவில் ஐந்து ஆண்டுகளில் 15 முறை பட்டத்தைக் காப்பாற்றினார். டாம் ஜான்சன், சீசர் சோட்டோ இருவரும் வேறு அமைப்புகளின் பட்டத்தோடு வந்து இவரிடம் தோற்றுப் போனார்கள். சின்ன எடைக்காரர்களின் சண்டை பெரிய சண்டைக்கு முன் கூட்டம் சேரும்வரை ஓட்டும் சண்டையாக இருந்த காலத்தில், கடைசிச் சண்டையாக மேடை ஏறியவர் அவர். அவருக்காகத் திறந்த கல்லாவிலிருந்துதான் பின்னால் பரேராவுக்கும் மார்க்கேஸுக்கும் பெரும்பணம் வந்தது. முதல் வரிசையில் முகமது அலிக்குப் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லவில்லை. பரேராவோடு ஒப்பிட்டால் ஒரு படி கீழேதான். பரேராவுக்கு 2017இல்தான் அங்கே இடம் கிடைத்தது என்பதால் அந்தப் படி மாறிவிடாது. திரும்பிப் போய் மோதாததுதான் அவர் மேல் எனக்குள்ள பெரிய குறை; அந்த ஒன்றுக்காகக் கதவுக்கு வெளியே நிறுத்த மாட்டேன். அந்தர் பல்டி அடித்தார் என்பதற்காக நிறுத்தவே மாட்டேன்.

இனிக் கானஸ்டோட்டா. நியூயார்க் மாநிலத்தில் வெங்காயம் விளைகிற ஊர் அது. கார்மன் பசீலியோ அங்கே ஒரு வெங்காய விவசாயியின் மகன். 1957இல் யாங்கி ஸ்டேடியத்தில் சுகர் ரே ராபின்சனையே வென்று மிடில்வெயிட் பட்டத்தை எடுத்தவர். அவருடைய மருமகன், உடன்பிறந்தாள் பிள்ளை, பில்லி பக்கஸும் 1970இல் உலகச் சாம்பியன் ஆனார். எங்கள் மண்ணில் இரண்டு பேர் உலகத்தை ஜெயித்திருக்கிறார்களே என்று ஊர்க்காரர்கள் 1980களில் காசு திரட்டி அவர்களுக்கு ஒரு நினைவுக்கூடம் வைத்தார்கள். அது வளர்ந்துதான் 1989இல் உலகத்துக்கே பொதுவான புகழ்மாடமாகத் திறந்தது. 1990இல் முதல் பட்டியலிலேயே முகமது அலி இருந்தார். எந்த மகாராஜாவும் கட்டிக் கொடுக்கவில்லை. பத்திரிகைக்காரர்களும் வரலாற்றாசிரியர்களும் ஓட்டுப் போட்டு ஆண்டுக்குச் சில பேரைச் சேர்க்கிறார்கள். சண்டைக் கணக்கு எழுத்தில் இருக்கிறது; ஹமீத் சரியா தவறா என்று நான் திருநெல்வேலியில் உட்கார்ந்து வாதாட முடிகிறதென்றால் அந்தக் கணக்கு இருப்பதால்தான்.

எங்கள் பக்கம் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து ஒருவர் ஆசியாவை ஜெயித்தார். மணத்தி கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர், 1995இல் அர்ஜுனா விருது பெற்றவர். இருபதாண்டு கழித்து இந்தப் பெயரைக் கபடி விளையாடும் பையன்களிடமே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் புளியங்குளத்துக்காரர் எடுத்த படம். கணேசன் வாழ்க்கையைத் தழுவிய அந்தப் படத்துக்குப் பிறகுதான் ஊர் ஊராக அவரைத் தேடிப்போய்ச் சால்வை போட்டார்கள். திரையில்கூட அவர் பெயர் கணேசன் இல்லை, கிட்டான்.

தமிழ்நாட்டில் புகழ்மாடம் என்று ஒன்று உண்டென்றால் அது சினிமாதான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை; மணத்தியை நினைவுபடுத்தியது அது, பத்திரிகைக்காரர்களான நாங்கள் இல்லை. ஆனால் சினிமாவின் கதவு இரண்டு மணி நேரக் கதை இருக்கிறவனுக்குத்தான் திறக்கும். டான்சிங் ரோஸுக்குத் திறந்தது, அவன் பிறக்கவே இல்லை. கித்தேரி முத்துவுக்குத் திறக்கவில்லை, அவர் வாழ்ந்து, குத்தி, ஜெயித்தவர். பத்து வருஷம் மூலையில் நின்று காலைப் பிடித்துக் காலைப் பிடித்தே தன் ஊரை ஜெயிக்கவைத்த கேச்சர்களுக்கு ஒருநாளும் திறக்காது. கதையாக ஆகாதவர்களுக்குப் பட்டியல் வேண்டும். பெயர், ஊர், ஆண்டு, எந்த ஆட்டம், யாரை எதிர்த்து. அவ்வளவுதான்.

என்னிடம் பழைய கொடை நோட்டீஸ்கள் சில இருக்கின்றன. மஞ்சளும் ரோஸுமாக மலிவுத் தாள். முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை உபயம், ஒலி ஒளி அமைப்பு, அன்னதானம், பந்தல் என்று வரிக்கு வரி பெயர். பட்டம், பதவி, தகப்பனார் பெயர்கூட விடுபடவில்லை. எந்த நோட்டீஸிலும் போன ஆண்டு ஜெயித்த அணியின் ஏழு பேர் பெயர் இல்லை. கோப்பையில் ஊர்ப் பெயர் பொறித்திருக்கும், ஆள் பெயர் இருக்காது. பணம் கொடுத்தவரை இத்தனை அக்கறையாக எழுதத் தெரிந்த ஊருக்கு எழுதும் பழக்கம் இல்லையென்று சொல்ல முடியாது.

பாளையங்கோட்டையில் அண்ணா ஸ்டேடியம் இருக்கிறது, வ.உ.சி. மைதானம் இருக்கிறது. அங்கே ஒரு சுவரை அரசு ஒதுக்கினால் நல்லது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடியிலும் ஆவணியிலும் நோட்டீஸ் அடிக்கப்போகும் விழாக் கமிட்டியார் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது. நோட்டீஸின் பின்பக்கம் காலியாகக் கிடக்கிறது. உங்கள் ஊர்த் தரையில் இதுவரை ஜெயித்தவர்களின் பெயர்களை, நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஆண்டு போட்டு அங்கே அச்சடியுங்கள். எந்தத் தெருக்காரன் என்று பார்த்துப் பெயரை விட்டுவிடாதீர்கள். பவுசு காட்டினான் என்பதற்காகவும் யாரையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு சுழற்கோப்பையின் விலைக்கு வராது.